மாடியறையில் படித்த காதல் கதைகள்

முதலில் வந்தது இருமல். விசைத்தறி ஓடும் வீட்டில் இருமலை யாரும் நோயாக நினைப்பதில்லை. எங்கள் வீட்டின் பின்பக்கம்தான் தறிக்கூடம். பஞ்சுத்தூசி அடுப்படி வரை வரும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. விடிந்து எழும்போது ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது. சங்கரன்கோவில் சித்திரை வெயிலுக்கு வியர்க்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். உடம்பு இளைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

சளியில் ரத்தம் கோடாக வந்த அன்றுதான் என் கணவர் பைக்கை எடுத்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள், நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "இடது பக்கம் மேல டிபி இருக்கும்மா" என்றார் (காசநோய், காற்றில் பரவும் கிருமி நுரையீரலில் தங்கி மெல்ல அரிப்பது). "பயப்படாதீங்க. ஆறு மாசம் மாத்திரைய விடாம சாப்பிட்டா சரியாயிரும். நல்லாயிட்டுன்னு நடுவுல நிப்பாட்டினாத்தான் ஆபத்து. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

இருந்தது. என் கொழுந்தனின் மகள், மூன்று வயது. எனக்குப் பிள்ளை இல்லை; அவள் என் தட்டில் சாப்பிட்டு, என் மடியில் தூங்கி வளர்ந்தவள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் நோய் எனக்கு மறந்துபோனது.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. ஆனாலும் குழந்தைக்குத் தடுப்பு மருந்து (நோய் வராமலிருக்க முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரை) கொடுக்கச் சொன்னார்கள். முதல் நாள் அவள் அதைத் துப்பிவிட்டு அழுதது எனக்கு மாடியில் கேட்டது. "பெரியம்மாவுக்கு வந்த சீக்கு உனக்கு வரக்கூடாதுல்லா மக்கா, முழுங்கு" என்று அவள் அம்மா செல்வி கெஞ்சிக்கொண்டிருந்தாள். செல்வியின் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடியறை நூல் மூட்டை போட்டுவைக்கும் இடம். அதை ஒழித்து எனக்குக் கட்டில் போட்டார்கள். ஆரம்பத்தில் சில வாரம் தனியாக இருந்தால் போதும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். என் மாமியார், அடுத்த சளிப் பரிசோதனை வரை கீழே வர வேண்டாம் என்று முடிவு செய்தார். சாப்பாடு படிக்கட்டில் வந்தது. மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். குமட்டல் வந்தது, மூட்டு வலித்தது. அதுவும் மெல்லக் குறைந்தது. காய்ச்சல் நின்றதும் நான் சும்மா இருந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு பகலில் நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

என் தங்கை உமா புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கிறாள். படிக்க நல்ல புத்தகமாக ஏதாவது கொண்டு வா, அறிவு வளர்கிற மாதிரி, என்று போனில் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கட்டைப்பை நிறையக் கொண்டு வந்து மாடியறை வாசல்படியில் வைத்தாள். எல்லாம் காதல் நாவல்கள், மாயாஜால நாவல்கள். அட்டையில் ஒருத்தி கூந்தல் பறக்க நின்றாள். இன்னொன்றில் இறக்கை முளைத்த குதிரை.

"இதையா கேட்டேன்?"

"அறிவு கெடக்கட்டும்க்கா. ஒனக்கு இப்ப ஒடம்புதான் வளரணும். இதுல நல்லவன் எவனும் சாவ மாட்டான். கடைசில கல்யாணம் நடந்துரும். பயப்படாம படி."

என்னைப்போல் நோயோடு படுக்கையில் இருக்கும் உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். கனமான புத்தகம் வேண்டாம். நெஞ்சில் வைத்துப் படிக்க முடியாது, எழுத்தும் மனதில் ஏறாது. அத்தியாயம் சின்னதாக இருக்கட்டும், மாத்திரை மயக்கத்தில் கண் சொருகினாலும் விட்ட இடம் தெரியும். நாயகனும் நாயகியும் சீக்கிரமே சண்டை போட்டுவிட வேண்டும். நாயகி இருமுகிற கதையைத் தொடாதீர்கள். மாயாஜாலக் கதை என்றால் ராஜ வம்சம் முழுவதையும் முதல் பக்கத்திலேயே அடுக்குவதைத் தள்ளி வைத்துவிடுங்கள். நான் படித்ததில் மிகவும் பிடித்தது, சாபத்தால் பகலில் கழுதையாக இருக்கும் ஓர் இளவரசனின் கதை. அவனை உப்பு சுமக்க வாங்கிப்போகும் பெண், அவன் யாரென்று தெரியாமல் தன் கல்யாணக் கவலையெல்லாம் அவனிடமே சொல்வாள்.

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. "இனி வீட்டுல எல்லாரோடயும் இருக்கலாம்மா. முடிஞ்ச வேலைய மெதுவா பாருங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார், "ஆடித்தபசு முடியட்டும். விருந்தாளு வந்து போற நேரம், நோஞ்சான் ஒடம்ப வச்சிக்கிட்டு அடுப்படிக்கு வராத" என்றார். நான் மறுத்திருக்கலாம். காய் நறுக்க என்னால் முடியும். தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு ஏறினேன். ஏறும்போது எனக்குள் இருந்தது நிம்மதி. கழுதை இளவரசன் பாதியில் நின்றிருந்தான்.

கோமதியம்மன் கோயில் திருவிழாவான தபசன்று கரிவலத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்தது. மத்தியானம் நான் கதையில் இருந்தேன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கழுதை எட்டி உதைக்கும் இடம். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் கீழே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கொல்லையில் செல்வி தனியாக உட்கார்ந்து பெரிய சோற்றுப்பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த இருமல் எனக்குள் வேறு மாதிரி விழுந்தது.

அடுத்த நாளும் இருமினாள். அதற்கடுத்த வாரமும் இருமினாள். முகம் வற்றியிருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. எனக்கு வந்தபோது இப்படித்தான் இருந்தேன். என் வேலையும் சேர்த்து அவள் தலையில் விழுந்து அத்தனை மாதம் ஆகியிருந்தது; சமையல், தறிக்குத் தார் சுற்றுவது (ஊடைநூலைக் குழலில் சுற்றுவது), குழந்தை, எனக்குப் படியேறிச் சாப்பாடு. நான் ராஜகுமாரிகளோடு படுத்திருந்தேன். அவளுக்கு நோயைக் கொடுத்துவிட்டு, அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று தோன்றிய பிறகு ஒரு வரிகூட ஓடவில்லை.

நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளி கொடுத்து, படமும் எடுத்துவிட்டு இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "எனக்கு வந்தது போதும். உனக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது செல்வி. கோமதியம்மாள வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "இருந்தாத்தான் என்னக்கா?" என்றாள். "ஆறு மாசத்துல சரியாயிரும்னுதான சொல்லுதாங்க. நானும் மாடில படுத்து நாலு கத படிப்பேன்லா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அவளைத் திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் போனோம். கிருமி இல்லை, படமும் சுத்தம். ரத்தசோகையும் (ரத்தத்தில் சத்துக் குறைவு) தூசியால் வந்த இருமலும்தான். "ரெஸ்ட் எடுக்கணும்மா" என்றார் டாக்டர். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. செல்வி பக்கம் திரும்பினேன். ஒரு நொடிதான், கடைசி பஸ்ஸைக் கண்ணெதிரில் விட்டவளைப்போல அவள் முகம் இறங்கியிருந்தது. உடனே சரிசெய்துகொண்டு, "வாங்கக்கா, பிள்ள தேடும்" என்று எழுந்தாள்.

நோய்க்குச் சாப்பிட்ட எந்த மாத்திரையும் எனக்கு அந்த ஒரு நொடி அளவுக்குக் கசக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கினேன். "மாடிக்குப் போ" என்றேன். மாமியார் கேட்டுவிட்டார். "நல்லாத்தான இருக்கா? பட்டப்பகல்ல எதுக்குப் படுக்க?"

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க அத்தை. சீக்கு வந்தாத்தான் அந்தப் படி ஏறணுமா?"

மாமியார் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தார். சம்மதம் என்று சொல்ல முடியாது, ஆனால் தடுக்கவில்லை.

செல்விக்குப் படுக்கத் தெரியவில்லை. தண்ணீர் குடிக்க என்று இறங்கினாள், பால் பொங்குகிறதா என்று இறங்கினாள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஏன், பிடிக்கலையா?"

"காதல் கத எனக்கு ஒத்துவரலக்கா. இவன் ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும், அதுக்கு எரநூறு பக்கம் இழுக்கான். பிசாசு, யட்சி இப்பிடி இருந்தா குடுங்க."

உமாவுக்குப் போன் செய்தேன். அடுத்த பை வந்தது. அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு புத்தகம் கேட்டு வாங்குங்கள். உங்கள் ரசனையைக் கொடுக்காதீர்கள், அவர்களுடையதைக் கேளுங்கள். புத்தகத்தோடு அதைப் படிக்கிற நேரத்தையும் கொடுங்கள்; அது உங்களால் எழுந்து நிற்க முடிகிற அன்றே முடியும். நான் பிந்திவிட்டேன்.

ஐப்பசியில் மாத்திரை முடிந்தது. கடைசிப் படத்தில் இடது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அது நோய் ஆறிய தழும்பு, அப்படியே இருக்கும், ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். நோய் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆழமாக மூச்சு இழுத்தால் அந்த இடத்தில் லேசாகப் பிடிக்கிறது.

முன்பெல்லாம் என் நாள் என்பது காப்பி, இட்லி, சோறு, மறுபடி காப்பி. இப்போது நடுவில் இரண்டு மத்தியானங்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் அவளுடையது, அடுத்தது என்னுடையது. என்னுடையதில் படிக்கும்போது யாராவது வந்தால் இன்னும் கை தானாகப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் தள்ளுகிறது. பிறகு வெளியே எடுத்து, வந்தவருக்கு அட்டை தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு, பிடிக்கும் இடம் வரை மூச்சை இழுத்து விட்டு, விட்ட வரியைத் தேடுகிறேன்.