காதுக்கு எட்டாத கை

என் மகன் பிறந்தபோது நாலே முக்கால் கிலோ. ஆமத்தூரில் எங்கள் தெருவில் அந்த எடை தெரியாதவர் கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற என் வீட்டுக்காரர், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தார். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிள்ளை பெரிதாக இருக்கிறது, ஆபரேஷன் செய்வதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பார்ப்போம், பார்ப்போம் என்று வீட்டில் இழுத்தார்கள். அதற்குள் வலி வந்துவிட்டது.

தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. நர்ஸ்கள் என் கால்களை மடக்கி அழுத்தி, அடிவயிற்றை அமுக்க, டாக்டரம்மா உள்ளே கைவிட்டுப் பிள்ளையைத் திருப்பினார். பிறகு அழுதான். உயிரோடு கொடுத்தார்கள், அதற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இடது கையில் அசைவு குறைவாக இருக்கிறது, அடுத்த வாரமே கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று வாசலில் சரவெடி. முதல் சத்தத்துக்கே மடியில் கிடந்தவன் திடுக்கிட்டு வலது கையை விரித்துத் தூக்கினான். இடது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"ஏலே, இங்கன பாரு, உன் மகன் எல்லாருக்கும் டாட்டா காட்டுறான்!" என்று வீட்டுக்காரரின் அக்கா தம்பியைக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"மதினி, இந்தக் கை எந்திரிக்கலையே. டாக்டரம்மாவும் காட்டச் சொன்னாகளே" என்றேன்.

"அம்புட்டுப் பெரிய உடம்போட வந்த புள்ள, களைச்சுக் கெடக்கு. நீயே கண்ணு வைக்காத தாயி."

பெற்றவளுக்கே இந்தப் பட்டம்! தீபாவளி சீசன், வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. தையல் போட்ட உடம்போடு தனியாகப் பஸ் ஏற எனக்கும் தெம்பில்லை. கடைசியில் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் நர்ஸ் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நாளா என்ன செஞ்சீக?" என்று கேட்டார்.

பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டிருக்கிறது. விருதுநகருக்கு அலைந்து பயிற்சி கொடுத்தோம். விரல்கள் மடங்கின, முழங்கை பாதி மடங்கியது. தோள் எழும்பவில்லை. முன்பே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார்கள். ஆகியிருக்காது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அப்படியாவது நான் தூங்கியிருப்பேன்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போன தீபாவளிக்குத் தெருப்பையன்கள் அணுகுண்டைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். இவனும் ஓடிவந்தான். வலது கையால் வலது காதைப் பொத்திக்கொண்டு, இடது காதை என் இடுப்பில் வைத்து அழுத்தினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகக் கண்டுபிடித்த வழி.

"எம்மா, வெடிக்கிற வரைக்கும் நகந்துராத" என்றான்.