மூன்றாம் வரைபடத்தில் இல்லாத எண்

எனக்குக் காலிக் கட்டங்களைக் கண்டால் ஆகாது. படிவம் ஒன்றில் ஓர் இடம் நிரப்பப்படாமல் கிடந்தால் கை துறுதுறுக்கும். தொண்ணூறுகளின் நடுவில், இந்தக் குணத்தால் என் சொந்தத் தம்பியை இலங்கைக்கே திரும்ப விமானம் ஏற்றிவிட இருந்தேன்.

அப்போது கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், ஒன்பதாம் மாடி அப்பாட்மென்ற் ஒன்றில் இருந்தேன். தகரவேலைத் தொழிற்சாலையில் வரைபடம் கீறுவது என் வேலை. பக்கத்து மேசைக்காரர் ஒரு ரஷ்யர். அவர்தான் என்னை அந்தக் கழகத்துக்குக் கூட்டிப்போனார். ஓர் உயர்மாடிக் கட்டடத்தின் நிலவறையில் சனிக்கிழமைகளில் பத்துப் பதினைந்து ரஷ்யர்கள் கூடுவார்கள். சிறுவயதில் ரஷ்யாவில் பள்ளிக் கழகங்களில் மாதிரி ரொக்கெற் செய்து பழகியவர்கள். இங்கே வந்து டாக்சி ஓடினாலும் பேக்கரியில் மாக்குழைத்தாலும் அந்தப் பைத்தியம் மட்டும் அவர்களை விடவில்லை. எனக்கும் தொற்றிவிட்டது.

உண்மையில் பறந்த ஒரு ரொக்கெற்றை எடுத்து, அதை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்யவேண்டும். காகிதக் குழாய், மெல்லிய பல்சா மரம், கடையில் விற்கும் விரலளவு மோட்டார். அது மேலே போய்ப் பாரசூட்டில் திரும்பி வரவேண்டும். ஆனால் பறக்கவிடுவதற்கு முன் நடுவர் மேசை இருக்கிறது. நாம் செய்ததை அங்கே வைத்து ஒவ்வொரு அங்கமாக அளந்து, நாம் கொடுத்த கோப்போடு ஒப்பிடுவார்கள். கோப்பில் அசல் ரொக்கெற்றின் படங்களும் வரைபடங்களும் இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து கிடைத்தது என்று எழுதியிருக்கவேண்டும். அவர்களுக்கு ரொக்கெற்றைவிடக் கோப்புத்தான் பெரிது.

“ஊரிலை உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடிவந்தனாங்கள். நீ காசு குடுத்து வாங்கி விடுறாய்” என்று கீழ்மாடி அண்ணை ஒருவர் லிஃப்ரில் காணும்போதெல்லாம் நக்கலடிப்பார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

நான் வானிலை ஆராயும் சோவியத் ரொக்கெற் ஒன்றைத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் தம்பி வந்துசேர்ந்தான். கொழும்பில் லொட்ஜில் இருந்தவனைப் படையினர் பிடித்துக்கொண்டுபோய் அடைத்துவைத்து, பிறகு விட்டிருந்தார்கள். அகதிக் கோரிக்கைக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். அவனுக்கு ஆங்கிலம் போதாது, எனக்குக் கையெழுத்து அழகு. பசையும் மரத்தூளுமாகக் கிடந்த குசினி மேசையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டு எழுதத் தொடங்கினேன்.

“எத்தினை நாள் வைச்சிருந்தவங்கள்?”

“தெரியாது அண்ணை.”

“தெரியாதெண்டு எழுதேலாது. ஒரு கிழமையோ? ஒரு மாதமோ?”

“தெரியாது.”

எனக்குக் கோபம் வந்தது. படித்தவன், நாளைக்கூடவா எண்ணாமல் இருந்திருப்பான்? அவனை லொட்ஜில் பிடித்த நாள் எனக்குத் தெரியும். அவன் வீடு திரும்பியதை அம்மா எழுதிய கடிதம் இருந்தது. இரண்டுக்கும் இடையில் கழித்து, பயணத்துக்கு இத்தனை, உறவினர் வீட்டில் நின்றதற்கு இத்தனை என்று தள்ளிப் பார்த்தேன். பதினான்கு வந்தது. “பதினான்கு நாட்கள்” என்று அழகாக எழுதினேன். அறையின் நீள அகலம், உள்ளே இருந்தவர்களின் தொகை எல்லாவற்றையும் இப்படியே கணக்குப் பண்ணி நிரப்பினேன். தம்பி வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தான்.

அகதி விசாரணை நாள் நெருங்க நெருங்க அந்த எண்களை அவனைப் பாடமாக்கவைத்தேன். “எத்தினை நாள்?” என்று திடீரென்று கேட்பேன். ஒருமுறை பதினான்கு என்பான், மறுமுறை பத்து என்பான், பிறகு நிலத்தைப் பார்ப்பான். சொன்னதும் எழுதியதும் பொருந்தாவிட்டால் பொய்யன் என்று தள்ளிவிடுவார்கள் என்பது ஸ்காபரோ முழுக்கத் தெரிந்த விஷயம். இன்னும் கடுமையாகக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் கழகத்தின் போட்டி, பிக்கரிங் நகருக்கு அப்பால் அறுவடை முடிந்த ஒரு சோளவயலில். தம்பியைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் அவனையும் கூட்டிப்போனேன்.

நடுவர் மேசையில் இருந்தவர் பேக்கரியில் வேலைசெய்த பெண். என் வயதுதான் இருக்கும், முன்பு ரஷ்யாவில் பொறியியலாளராக இருந்தவர். என் ரொக்கெற்றைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு கோப்பைத் திறந்தார். நடுப்பகுதியில் இருக்கும் ஒரு வளையத்தின் அகலத்தில் அவருடைய விரல் நின்றது.

“இந்த எண் எங்கே கிடைத்தது?”

“எழுதியிருக்கிறேனே. மூன்றாம் வரைபடம்.”

அவர் மூன்றாம் வரைபடத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தார். வளையம் இருந்தது, எண் இல்லை. எந்த வரைபடத்திலும் அது இல்லாததால், மங்கலான ஒரு புகைப்படத்தில் அடிமட்டம் வைத்து அளந்து நானே கணக்கிட்ட எண் அது. கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று மூன்றாம் வரைபடத்தின் தலையில் கட்டிவிட்டிருந்தேன்.

“தெரியாது என்று எழுதியிருந்தால் இரண்டு புள்ளிதான் வெட்டியிருப்பேன்” என்றார். “இப்போது மற்ற எண்களையும் நான் எப்படி நம்புவது?” கோப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். எட்டு மாத வேலை. எல்லோருக்கும் முன்னால் முகம் எரிந்தது.

புள்ளி இல்லாவிட்டாலும் பறக்கவிடலாம் என்றார்கள். வீம்புக்கு விட்டேன். சீறிக்கொண்டு நேராக மேலே போனது, பாரசூட் விரிந்தது, வயலின் நடுவில் மெதுவாக வந்து இறங்கியது. அன்றைக்கு அதைவிட நன்றாக ஒன்றும் பறக்கவில்லை. தம்பி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காருக்குள் ஏறியதும் கேட்டான்.

“அந்த மனிசி உங்களுக்கு என்ன சொன்னவ?”

சொன்னேன்.

“அப்ப என்ரை ஃபோமிலை இருக்கிற பதினாலு?”

நான் காரை ஸ்ரார்ட் பண்ணாமல் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் இருவரும் தம்பியின் வழக்கைப் பார்த்த லோயரிடம் போனோம். அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். கடைசி நாளில் எண்களை மாற்றினால் சந்தேகம் வரும், மாற்றாமல் விட்டால் தம்பி விசாரணையில் அகப்படுவான், இரண்டிலும் ஆபத்து என்றார். அப்படியே விட்டுவிடலாம், இன்னும் ஒருநாள் இருக்கிறது, பாடமாக்கிவிடலாம் என்று நான் வாயெடுத்தேன்.

“வெட்டுங்கோ” என்றான் தம்பி. “எல்லாத்தையும் வெட்டுங்கோ.”

செவ்வாய்க்கிழமை அந்தச் சிறிய அறையில், விசாரணை செய்தவர் வெட்டிய படிவத்தை நெடுநேரம் பார்த்தார். லோயர் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டார்கள்.

“காலியாக விட மனம் வரவில்லை” என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

விசாரணை செய்தவர் எதையோ குறித்துக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினார். எத்தனை நாள் அடைத்துவைத்திருந்தார்கள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

“தெரியாது” என்றான் தம்பி.

அவர் என்னைப்போல, ஒரு கிழமையா ஒரு மாதமா என்று கேட்கவில்லை. “ஏன் தெரியாது?” என்று கேட்டார்.

“கண்ணைக் கட்டி வைச்சிருந்தவங்கள். ஒருக்காலும் அவிழ்க்கேல்லை. விடியிறதும் தெரியாது, பொழுதுபடுறதும் தெரியாது. சாப்பாட்டை வைச்சு எண்ணிப் பாத்தன். சில நாள் சாப்பாடும் தரேல்லை. பிறகு விட்டிட்டன்.”

மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அவன் கண்ணாலும் காணாத அந்த அறைக்கு நான் நீள அகலம் எழுதியிருந்தேன். உள்ளே இருந்தவர்களைத் தலை எண்ணியிருந்தேன்.

அன்றே, அந்த மேசையில் வைத்தே, கோரிக்கையை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். லோயர் தம்பியின் தோளில் தட்டினார். வெளியே வந்து, கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். கதவைத் திறக்கும்போதுதான் கேட்டேன்.

“கண்ணைக் கட்டினதை ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் எத்தினை நாள் எண்டுதானே கேட்டனீங்கள்” என்றான்.