காதருக்கு நாங்கள் கட்டிய கச்சை

போன வெள்ளிக்கிழமை காலை மில் வாசலில் எனக்காக ஒரு லாரி நின்றிருந்தது. கோவளத்திலிருந்து கருவாடு ஏற்றி வந்த வண்டி. ஓட்டுநர் என் பெயரை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "நம்ம காதரு மவுத்தாய்ட்டாரு சார். காமாலை. மத்தியானம் ஜும்மா தொழுகைக்கு அப்பால அடக்கம். ஒங்களாண்ட சொல்லச் சொல்லி அவரு தம்பி அனுப்பிச்சாரு" என்றார். ஷிப்டு நடுவில் வெளியே விடமாட்டார்கள். மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, பஸ் மாறி, கேளம்பாக்கத்திலிருந்து நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கபர் மேல் மண் ஈரமாக இருந்தது. காதருக்கு இருபத்து நான்கு வயது.

கல்லூரி மலருக்கு அவனைப் பற்றி எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். கூட ஃபுட்பால் ஆடியவன், கேப்டனாக இருந்தவன் என்பதால் என்னைக் கேட்டீர்கள். எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்காகக் கச்சை வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்க நூறு பேர் ஓடி வருவார்கள். தடுக்கிறவனை ஏனென்று கேட்க நாதியில்லை. அதற்காக நமக்கு முன்னால் ஆடியவர்கள் ஏற்படுத்தியது இது. பருவத்தின் முதல் மேட்சுக்கு முந்தின நாள், ஃபார்வர்டுகள் ஐந்து பேரும் ஆளுக்கு மூன்று தடவை பந்தை ஓட்டிக்கொண்டு, பின்னால் நின்று தடுக்கும் பேக்கை எதிர்த்து வரவேண்டும். பதினைந்து தடவையும் அவன் மறித்துவிட்டால், அந்த ஐவரும் அவன் முன்னால் மண்டியிட்டு அவன் இடுப்பில் கச்சை கட்டவேண்டும். மீன் வலைக்குப் போடும் சாயத்தில் முக்கியெடுத்த இரண்டு முழத் துணி, அவ்வளவுதான். மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து வந்த எங்கள் முனுசாமி அதை வீட்டில் சாயம் போட்டுக் கொண்டுவருவான். கோச் அதைக் கட்டக்கூடாது, பிரின்ஸிபாலும் கட்டக்கூடாது. தோற்றவர்கள்தான் கட்டவேண்டும். கட்டிக்கொண்டவன் அந்தப் பருவம் முழுக்க நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. யாருக்கும் கிடைக்காமல் துணி பீரோவிலேயே கிடந்த வருஷங்களும் உண்டு.

ஆந்திரம் தனியாகப் பிரிந்த அந்த வருஷம் நாங்கள் இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு. நான் சென்டர் ஃபார்வர்டு. காதர் எனக்கு வலப்பக்கம் ஆடினான். என்னைவிட நன்றாக ஆடினான். இதை அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். மாமல்லபுரம் கடற்கரைக்கு எங்களை ஓட்டப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார்கள். மணலில் எங்களுக்கு முழங்கால் வரை புதையும். அவன் பாட்டுக்குத் தார் ரோட்டில் போவதுபோல் பந்தோடு போவான். முனுசாமி ஒருநாள் அவனை எப்படி மறிப்பதென்று அவனிடமே கேட்டான். "பந்தப் பாக்காத, காலயும் பாக்காத. இடுப்பப் பாரு. காலு பொய் சொல்லும், இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றான் காதர்.

கோவளத்தில் அவன் அப்பாவுக்குக் கயிறும் ஆணியும் தாரும் விற்கும் கடை. அவருக்குக் கால் விழுந்துவிட்டது. கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு மாலை காதர் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினான். "வேல கெடச்சா போய்க்கோ, இல்லாங்காட்டி கடையப் பாத்துக்கினு இங்கயே கெடன்னு அத்தா சொல்லிட்டாருடா. அந்தக் கடையில ஒக்காந்தாலே மூச்சு முட்டுது. பட்டணத்து மில்லு டீமுக்கு ஃபார்வர்டு ஒர்த்தன் வோணுமாம். வேலயோட எடுத்துக்கிறாங்களாம். செமி ஃபைனலுக்கு ஆள் வந்து பாக்கப் போறாங்க. அதுல பூந்துட்டேன்னா தப்பிச்சேன்."

அவன் அதை நண்பனிடம் சொன்னான். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த வேலை வேண்டும். எடுக்கப்போவது ஒரு ஆளைத்தான்.

அடுத்த வாரமே எங்கள் பேக்குக்குக் கணுக்கால் பிசகியது. நாலு நாளைக்கு நீ நில் என்று காதரைப் பின்னால் நிறுத்தினார்கள். கச்சைப் பரீட்சை வந்ததும் அந்த நாலு நாளுக்குள்தான். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். முனுசாமியும், காதர் இடத்தில் ஃபார்வர்டாக வந்த பதில் ஆளும் உட்பட நால்வரும் முட்டி மோதிப் பார்த்துத் தோற்றார்கள். கடைசியில் நான். முதல் இரண்டு தடவையும் உண்மையாகவே மறித்தான். மூன்றாவது தடவை அவன் கால் வழுக்கியது. எனக்கு முன்னால் கோல் வரைக்கும் வழி திறந்து கிடந்தது. நான் பந்தை அவன் காலுக்கே தட்டிவிட்டு, தடுக்கியவன்போல் குப்புற விழுந்தேன்.

மைதானமே கத்தியது. ஐந்து பேரும் மண்டியிட்டோம். கேப்டன் என்பதால் முடிச்சு என் கையால். நான் நிமிர்ந்து பார்த்தபோது காதர் எங்கள் தலைக்கு மேலாக எதிர்ப்பக்கத்துக் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கச்சையை வேண்டாம் என்று சொன்னவன் நம் கல்லூரியில் கிடையாது. அவனும் சொல்லவில்லை.

செமி ஃபைனலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் சமநிலையில் இருந்தது, முடிய ஐந்தே நிமிஷம். காதர் பந்தைப் பறித்தான். இரண்டு பேரை வெட்டிவிட்டு வந்தான். எதிரே ஆளே இல்லை. "போடா காதர், போ" என்று கரையெல்லாம் கத்தல். நடுக்கோட்டுக்கு ஒரு அடி முன்னால் அவன் நின்றான். கால் கட்டிய மாடு நிற்பதுபோல் நின்றான். பிறகு பந்தை எனக்குத் தள்ளினான். நான் கோல் போட்டேன். மில்லிலிருந்து வந்தவர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் அவனைப் பார்க்கப் போனேன். முன்னாலேயே போயிருக்கலாம், முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. கயிற்றுச் சுருள்களுக்கும் தார் டின்களுக்கும் நடுவில், ஒரு ஆள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். எழுந்தால் தலை இடிக்கும். பக்கத்துக் கடைப் பையனிடம் எனக்கு டீ கொண்டுவரச் சொன்னான். மில்லைப் பற்றி, மைதானத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். பொறாமைக் குரலில் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் ஆசையாகக் கேட்டான். அப்புறம் ஆணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னான்:

"அன்னிக்கு நீ தடுக்கி வுழல. ஒன் இடுப்பு நேராத்தான் இருந்திச்சு."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சுமா கட்டிக்கினே? ஏன்டா அப்பவே சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? மீதி நாலு பேரும் நெசமா தோத்தானுங்களே. மண்ணுல முட்டி போட்டு மனசாரக் கட்னானுங்க. ஒன் பொய்க்காக அவங்க கட்னத அவுக்கச் சொல்றியா?" பொட்டலத்தை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, "டீ ஆறுது, குடி" என்றான்.

திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு நான் கோவளம் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமைதான் போனேன். வீட்டு வாசலில் ஜமாத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தம்பி என் கையைப் பிடித்து அவர்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான். "இவருதான் அண்ணனுக்குக் கச்ச கட்டிவுட்ட கேப்டன். அண்ணன் இவரப் பத்திப் பேசாத நாளே கெடயாது" என்றான். பெரியவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் என் முதுகைத் தடவி, "நல்ல சிநேகிதம்பா" என்றார். நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பையன் முகத்தில் இருந்த பெருமையும் போயிருக்கும் என்று பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். பயம் என்பதுதான் நிஜம்.

முனுசாமி, மற்ற மூவரே, நீங்கள் கட்டியது சுத்தமான கச்சை. அவனைப் போன்ற பேக் நமக்கு வாய்த்ததில்லை, இதில் ஐயமில்லை. இந்த எழுத்து அச்சானதும் நானே கோவளத்துக்கு எடுத்துப்போய் அவன் தம்பிக்குப் படித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் சரி.

காதரின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை எங்கள் மில்லுக்கு மேட்ச். சென்டர் ஃபார்வர்டாக நான் நிற்பேன். நிற்பது அவன் இடத்தில். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.