ஒரு நூல் கூடுதல்

அந்த வாரம் முழுக்க மணிவேலுக்கு மண்டை காய்ந்து கிடந்தது. மிஷின் ஓடாமல் இருந்தால்கூடத் திட்டிவிட்டுப் போகலாம். அது ஓடுகிறது. சொன்ன இடத்துக்குப் போகிறது, வெட்டுகிறது, வேலை முடிந்ததும் நல்ல பிள்ளையாகத் தன் மூலைக்குத் திரும்பி நிற்கிறது. வெட்டிய கட்டையை எடுத்துத் தேன் பெட்டியில் வைத்தால்தான் உட்கார மாட்டேன் என்கிறது. ஒரு நூல் கூடுதல். தச்சு வேலையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். அவ்வளவுதானே என்று நீங்களும் நானும் விட்டுவிடுவோம். தேனீ விடாது.

மணிவேல் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் மர வேலை செய்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு உளியைப் பிடித்தவன், வயது முப்பத்தாறு. அவன் போட்ட கதவு அடைமழையிலும் நிலையில் இடிக்காது என்று மலையில் பேர். அந்தப் பேரில் அவனுக்குக் கர்வமும் உண்டு. டேப்பைப் பிடித்துக் கணக்குப் பார்ப்பதெல்லாம் அவனுக்குச் சில்லறை வேலை. “பத்தங்குலம், கோடு போடுமே” என்று மனைவி வசந்தியிடம் சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொள்வான். அவள் பென்சிலால் கோடு போடுவாள், இவன் அறுப்பான். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக இப்படித்தான்.

மிஷின் ஆசை செல்போனில் பிடித்தது. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஒரு மிஷின் தானாகப் பலகையை வெட்டுவதைப் பார்த்தான். கடையில் விற்கிற மிஷினின் விலையைக் கேட்டபோது சிரிப்புதான் வந்தது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டான். திருப்பத்தூர் காயலான் கடையில் செத்துப்போன பிரிண்டர் இரண்டை வாங்கி, வயிற்றைப் பிளந்து மோட்டார்களையும் வழவழப்பான கம்பிகளையும் எடுத்தான். அவை ஓடுவதற்கு மேஜை டிராயரின் சேனல். வெட்டுவதற்கு, பலகை விளிம்பைச் சீவ அவன் ஏற்கெனவே வைத்திருந்த ட்ரிம்மர். மோட்டார்களை ஆட்டிவைக்கும் பச்சை போர்டு மட்டும் தபாலில் வந்தது. சொல்லிக்கொடுத்த வீடியோக்காரர் இந்தியில் பேசினார். மணிவேல் அவர் கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டான். முதல் நாள் வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் போனது. ஒயரை மாற்றிச் சொருகினால் குறுக்கே போனது. அதையெல்லாம் எப்படிச் சரி செய்தான் என்று கேட்டால் அவனுக்கே இன்றுவரை தெரியாது.

கம்ப்யூட்டர் வசந்தியுடையது. பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். பேட்டரி போய்விட்டதால் கரண்ட் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். மணிவேல் அங்குலத்தில் அளவு சொல்வான். அவள் அதை மில்லிமீட்டராக்கித் தட்டுவாள். திரையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ் என்பதால் அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

வேலை கொடுத்தவள் சரிதா. பக்கத்துக் கிராமத்தில் தேனீ வளர்க்கும் பெண்கள் குழுவுக்குத் தலைவி, பேச்சில் கறார். நாற்பது தேன் பெட்டி வேண்டும், பெட்டிக்குள் தேனீ அடை கட்ட எட்டு மரச் சட்டம். முந்நூற்று இருபது சட்டத்தைக் கையால் அறுத்தால் அடுத்த வருஷப் பூவுக்குத்தான் பெட்டி போய்ச் சேரும். அதனால்தான் மிஷின். பெட்டியின் பலகைகள் பெரியவை, மிஷின் மேஜையில் அடங்காது. அவற்றைக் கையால் அறுத்தான். சட்டத்துக்கான சின்னக் கட்டைகள் மிஷினில். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மாதிரிப் பெட்டியை வந்து பார்ப்பேன், சரியில்லையென்றால் போளூரில் கொடுத்துவிடுவேன் என்று சரிதா சொல்லிவிட்டாள்.

வேலை போளூருக்குப் போய்விட்டால் மணிவேல் பெங்களூருக்குப் போக வேண்டும். அங்கே கதவு கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் கோவிந்தன், வெள்ளிக்கிழமை வண்டியில் இடம் போட்டுவைத்திருந்தார். ஒரு தடவை போய் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தவன்தான் மணிவேல். மறுபடி போகக் கூடாது, வசந்தியையும் மகள் அபிநயாவையும் விட்டுவிட்டுத் தகரக் கொட்டகையில் படுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் காயலான் கடைக் கூத்தெல்லாம்.  புதன்கிழமை வசந்தி பரண்மேலிருந்து அவனுடைய பழைய பையை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தாள். 

சட்டத்தின் மேல்கட்டை பத்தங்குலம். பெட்டியின் இரண்டு விளிம்பிலும் உள்ள வெட்டில் அது உட்கார வேண்டும். மிஷின் வெட்டியது பத்தங்குலம் ஒரு நூல். சரி, மோட்டார் அதிகமாகச் சுற்றுகிறது என்று முடிவு கட்டி, செட்டிங்கில் ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னான். மேல்கட்டை கச்சிதமாக வந்தது. துள்ளிக் குதித்தான். அடுத்தது பக்கக்கட்டை, ஆறங்குலம். அது அரை நூல் கூடுதலாக வந்து பெட்டியின் அடிப்பலகையில் இடித்தது. பக்கக்கட்டைக்குச் சரியாக ஓட்டத்தை இன்னும் குறைத்தால், மேல்கட்டை குட்டையாகி வெட்டிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. ஒரே மிஷின், ஒரே மோட்டார். நீளமானதைத் திருத்தினால் சின்னது கெடுகிறது, சின்னதைத் திருத்தினால் நீளமானது கெடுகிறது. இது இன்னா நியாயம்?

“கணக்குல எங்கனா தப்பு கீதா பாருமே.”

“ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேங்க. சரியாத்தான் கீது.”

அவள் பொய் சொல்லவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மணிவேல் சேனலைக் கழற்றிப் பூட்டினான், பெல்ட்டை இறுக்கினான், போர்டை மாற்றித் திருப்பினான், மறுபடி பழைய செட்டிங்குக்கே வந்தான். மறுபடி ஒரு நூல் கூடுதல். மிஷின் வேண்டுமென்றே தன்னைக் கேலி செய்கிறது என்றுகூட அவனுக்குத் தோன்றிவிட்டது. தச்சனுக்குத் தன் கையை நம்பாமல் மிஷினை நம்பியதற்கு இது வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலையில் கரண்ட் போனது. லேப்டாப் கண்ணை மூடிக்கொண்டது. சரிதா வர இன்னும் மூன்று மணி நேரம்தான்.  மணிவேல் ரம்பத்தை எடுத்தான்.

“பத்தங்குலம், கோடு போடுமே. மாதிரிக்கு ரெண்டு சட்டம் கையாலயே அறுத்துர்றேன்.”

வசந்தி கோடு போட்டாள். அவன் அறுத்தான். கட்டையை வெட்டில் வைத்தான். அளவெடுத்து வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

சந்தோஷப்பட வேண்டியவன் பேய் முழி முழித்தான். பிரிண்டர் மோட்டாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஒரு வாரமாகச் செய்ய முடியாததைப் பழைய ரம்பம் ஒரே இழுப்பில் எப்படிச் செய்தது? அடுத்த மேல்கட்டைக்கு வசந்தி கோடு போட்டதும் அறுக்காமல் நிறுத்தினான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் போட்ட கோட்டின்மேல் டேப்பை வைத்துப் பார்த்தான். பத்தங்குலம் ஒரு நூல்.

“இன்னாமே, கோட்டத் தப்பாப் போட்டுக்கினு கீற?”

“இல்லீங்களே, சரியாத்தான் போட்டேன்.”

“நான் சொன்னது பத்து.”

“ஆமா, நீங்க பத்துன்னா நான் ஒரு நூலு சேத்துப் போடணும்ல?”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “யாரு சொன்னா?”

வசந்தி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். “நீங்க கோட்டுக்கு உள்ள தள்ளித்தான் அறுப்பீங்க. எப்பவும் ஒரு நூலு போய்டும். கல்யாணம் ஆன புதுசுல நம்ம வூட்டு ஜன்னலே குட்டையாப் போய்டுச்சி, ஞாபகம் இல்லியா? மரம் காஞ்சி சுருங்கிட்சின்னீங்க. அதுலேர்ந்து நான் சேத்துத்தான் போடுறேன். சொன்னா கோச்சுக்குவீங்கன்னு சொல்லல.”

“மிஷின்லயுமா சேத்த?”

“நீங்கதான அளவு சொன்னீங்க” என்றாள் அவள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு நூல் அவளுக்குக் கணக்கில் சேர்ந்ததே இல்லை. குழம்புக்கு உப்புப் போடுகிறவள் எண்ணிக்கொண்டா போடுகிறாள்?

மணிவேல் மரத்தூள்மேலேயே உட்கார்ந்துவிட்டான். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தான், வரவில்லை. மலை முழுக்க அவன் பேரைச் சொல்லும் கதவுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அப்புறம் பெங்களூர் வந்தது. அங்கே எட்டு மாதமும் அவன் அறுத்ததெல்லாம் குட்டையாகப் போனது. கம்பெனி டேப் கோணல் என்று சாக்குச் சொன்னான், பிளைவுட் மட்டம் என்றான். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் ‘குட்டைக் கதவு’ என்று கூப்பிட்டபோது அழுகையை அடக்கிக்கொண்டு ஊருக்கு வண்டி ஏறினான். ஏன் அப்படி ஆனது என்று இத்தனை வருஷமாக அவனுக்கு விளங்கவே இல்லை. அங்கே கோடு போட்டவன் அவனேதான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அது துக்கமா நன்றியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. வசந்தி நூலைச் சேர்க்காமல் அளவைத் தட்டினாள். மேல்கட்டை உட்கார்ந்தது, பக்கக்கட்டை அடியில் இடிக்கவில்லை. மத்தியானம் வந்த சரிதா சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள், இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள், மறுபடி இறக்கி வைத்தாள்.

“மணிவேலண்ணா கைன்னா கைதான். நாப்பதையும் ஆரம்பிச்சிடுங்க.”

“அளவு வசந்தி போட்டதும்மா” என்றான் மணிவேல்.

அவன் அடக்கத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சரிதா சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் வண்டி திரும்புவதற்குள் கோவிந்தன் போனில் வந்தார். “இன்னாடா மணிவேலு, துணிய எடுத்து வச்சிட்டியா? காலைல அஞ்சு மணிக்கு வண்டி.”

“நான் வர்லண்ணா.”

“ஏன், மிஷினு சரியாயிட்சா?”

மணிவேல் உள்ளே திரும்பிப் பார்த்தான். வசந்தி அடுத்த கட்டைக்குத் தட்டிக்கொண்டிருந்தாள், காதில் பென்சில் இன்னும் இருந்தது.

“மிஷினு முன்னாடிலேர்ந்தே சரியாத்தான் கீதுண்ணா. நான் தனியா வந்தா அங்க ஒரு கதவும் நெலயில உக்காராது.”