மூடுபனிப் பாட்டும் ஒரு பொத்தானும்

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் படுக்கையறைதான் ஸ்டூடியோ. அலமாரியைத் திறந்து, அடுக்கியிருக்கும் ரஜாய்களை, அதாவது பஞ்சுப் போர்வைகளைப் பார்த்து நின்றுதான் என் மனைவி பாடுவாள். எதிரொலி வராது.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே செய்யலாமே, ஒலியைக் கலக்கும் இந்த மிக்சர் பெட்டி எதற்கு என்று வாங்கும்போதே முறைத்தேன்.

"மவுஸப் புடிச்சுக்கிட்டு எப்படிங்க பாட முடியும்? இதுன்னா விரல் வச்சாப் போதும்லா" என்றாள்.

வாஸ்தவம்தான். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவள் விரல், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மெல்லக் கீழே இழுக்கும்; இறங்கி வரும்போது மேலே தள்ளும். கண் மூடியே இருக்கும். அடேயப்பா! பிற்பாடு கர்சரை வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்டுகிற வேலையை அவள் பாடிக்கொண்டே முடித்துவிடுவாள்.

போன குளிர்காலத்தில் அவளுக்குத் தைராய்டு கட்டியை எடுக்க வேண்டியிருந்தது. குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டெல்லி மூடுபனியைப் பற்றி அவளே மெட்டுப்போட்ட பாட்டு ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அதை அந்தக் குரலில் பிடித்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் ஓடும் தம்பூரா, மிக்சர் வழியாக அவள் ஹெட்போனுக்கு வரும். அது ஹெட்போனுக்கு மட்டும் போக வேண்டுமா, பதிவிலும் கலக்க வேண்டுமா என்பதற்கு ஒரு சின்னப் பொத்தான். அமுக்கினால் கலந்துவிடும். அவள் அருமையாகப் பாடி முடித்தாள். போட்டுக் கேட்டால், குரலோடு தம்பூராவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொத்தான் அமுங்கிக் கிடந்தது.

"எவன் இதை அமுக்கினது?" என்று கத்தினேன். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

"ரஜாய அடுக்கும்போது கை பட்டிருக்கும். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கீங்க? திரும்பப் பாடுதேன்."

"தொண்டை தாங்குமா? கலந்ததைப் பிரிக்கவும் முடியாதே!"

அவள் ஜன்னலைத் திறந்து, கூவிக்கொண்டிருந்த காய்கறி வண்டிக்காரரிடம், "பையா, ஜல்தி ஆகே ஜாயியே!" என்று சீக்கிரம் நகரச் சொன்னாள். வெந்நீர் குடித்தாள். பொத்தானை விடுவித்தாள். பாடினாள். முதல் தடவையைவிட நன்றாகவே வந்தது. பதறியது நான்தான். ஃபேடரில் அவள் விரல் எப்போதும்போலவே இறங்கி ஏறியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரலும் திரும்பியது, ஆனால் கரகரப்பாக, தணிந்து. மேல் ஸ்தாயி எட்டவில்லை. வெகுநாள் அவள் மைக் பக்கமே போகவில்லை. அந்தப் பதிவைப் போட எனக்கும் துணிச்சல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு வந்து மிக்சர் முன்னால் நின்றாள்.

"அந்தப் பாட்டப் போடுங்க. நான் அதுக்குக் கீழ் ஸ்தாயில பாடிப் பாக்கேன்."

கம்ப்யூட்டரிலிருந்து வரும் பழைய குரலின் ஃபேடரைக் கொஞ்சம் இறக்கினாள். தன்னுடையதை ஏற்றினாள். பிறகு அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கினாள்.

"ஐயோ, ரெண்டும் கலந்துரும். அப்புறம் பிரிக்க முடியாது" என்றேன்.

"தெரியும்லா. கலக்கட்டும்."

 ரெக்கார்டை அழுத்தினேன்.