சங்கு ஊதுகிற ஒரு நிமிஷம்

ஆவடி குவார்ட்டர்ஸில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் வரதனைத்தான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கடைசல் வேலை, சங்கத்தில் பொறுப்பு. பெண்டாட்டியை அடிக்கிறவர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். குடித்துவிட்டு அடித்து, விடிந்ததும் காலில் விழுகிறவன் ஒருவன். சந்தேகப்பட்டு அடித்து, அவள் மேலேயே பழி போடுகிறவன் இன்னொருவன். இரண்டு பேருமே கத்துவார்கள். அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை இங்கிருந்தே எண்ணலாம். அதனால் புகார் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரரிடம் கேட்பது வழக்கம்: சத்தம் கேட்டதா?

தீபிகாவின் விஷயத்தில், ஆறு வருஷமாக அந்தப் பக்கத்துக்காரர் வரதனேதான். அவள் கணவன் ஸ்ரீகாந்த் குடிக்கமாட்டான், குரலை உயர்த்தமாட்டான். "ஒரு சத்தமும் கேக்கலியேம்மா" என்று இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார். அழைத்துப் போக வந்த அவளுடைய அண்ணனுக்கும் அதையே சொன்னார். அவன் தங்கையைத் திட்டிவிட்டுப் போனான்.

போன வியாழக்கிழமை மதியம் அவள் துணிப் பையோடு வந்தாள். வரதனுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட். அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார்.

"எங்கண்ணனுக்கு ஒரு போன் போடுங்கண்ணா. நீங்க சொன்னாதான் என்னைச் சேர்த்துக்கும். சாப்பாட்டுக்கு அவரு வர்றதுக்குள்ள போயிடறேன்."

"இன்னாம்மா நீ? லைன்ல அத்தினி பேரும் அவனைத் தங்கம்ன்றாங்கோ. அடிச்சா எங்களுக்குக் கேக்காதா?"

"யோவ், அது வாயைத் தொறக்க வுடேன்" என்றாள் அவர் மனைவி பேபி.

அப்போது தொழிற்சாலையின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பாத்திரமெல்லாம் அதிர்கிற சத்தம். தீபிகா சட்டென்று குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். சங்கு ஓய்கிறவரை எழவில்லை. பேபியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சங்கு ஊதறப்பதான்" என்றாள் தீபிகா, தரையைப் பார்த்தபடி. "காலையில ஷூ போட்டுகினு, கார்டு மாட்டிகினு ரெடியா நிப்பாரு. ஊத ஆரம்பிச்சதும் அடிப்பாரு. நின்னதும் டிபன் பாக்ஸ வாங்கிகினு போயிடுவாரு."

பகல் ஷிப்ட் வாரங்களில், காலைச் சங்கு ஊதும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வரதனும் ஷூவுக்கு முடிச்சுப் போடுவார். சங்கு நின்றதும் ஸ்ரீகாந்த் வெளியே வந்து, "போலாமாண்ணே?" என்பான். இருவரும் பேசிக்கொண்டே சைக்கிள் மிதிப்பார்கள். ஒரு நாள்கூட அவனுக்கு மூச்சு வாங்கியதில்லை. கண் மண் தெரியாத கோபத்தில்தான் மனிதன் கை ஓங்குகிறான் என்று இத்தனை வருடமாக அவர் பஞ்சாயத்துப் பேசி வந்திருந்தார். இவனோ மணி பார்த்துக் காத்திருந்திருக்கிறான்.

போனை எடுத்து அவள் அண்ணனைக் கூப்பிட்டார். "உன் தங்கச்சி சொன்னது நெசம்பா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். வண்டி எடுத்துகினு உடனே வா." அவன் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரக் கால் மணி நேரமாகும்.

அதற்குள் வாசலில் சைக்கிள் நின்றது. வரதன் எழுந்து போய் கதவு நிலையை அடைத்தாற்போல் நின்றார்.

"தீபி இங்க கீறாளாண்ணே? சோறு ஆறிடும்."

"அது வராது."

ஸ்ரீகாந்த் முகம் மாறவில்லை. மெதுவாகக் கேட்டான்: "ஏண்ணே, எதுனா சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கலப்பா" என்றார் வரதன். "ஆறு வருஷமா கேக்கல."

நிலையை விட்டு அவர் நகரவில்லை.