யாரு நிக்கிறா?

கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சுகம் விசாரிப்பதில்லை. "யாரு நிக்கிறா?" என்றுதான் கேட்பார்கள். "தம்பி நிக்கிறான்", "மக நிக்கிறா" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு பொறுக்கப் போய்விடலாம். மேல்மலைக் காட்டில் தோல் பதனிடச் சீகைப்பட்டை உரிக்க எங்களைக் கொண்டுவந்த காண்ட்ராக்டரின் சட்டம் அது. ஒரு குடும்பம் முழுதாகக் காட்டைவிட்டு இறங்கக் கூடாது. ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். நின்றவருக்காக மற்றவர்கள் எப்படியும் திரும்பி வந்துவிடுவார்கள் அல்லவா? பூட்டு வாங்கும் செலவைக்கூட மிச்சம் பிடித்த மகராசன். இலங்கையிலிருந்து கப்பலேறக் காத்திருக்கும் மலைநாட்டுச் சொந்தங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கப்பலிறங்கியதும் உங்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமுக்கு எவராவது நெற்றி நிறைய விபூதியோடு வந்து, வீடும் தோட்டமும் தருகிறேன் என்றால், வீடு எவ்வளவு பெரிது என்று கேட்காதீர்கள். குடும்பமாக வெளியே போய்வர முடியுமா என்று கேளுங்கள்.

நாங்கள் கேட்கவில்லை. தாய்நாடு வந்துவிட்டோம் என்ற பூரிப்பில் நானும், என் வீட்டுக்காரர் ராமையாவும், நாலு வயது ராணியும், என் தம்பி செல்லமுத்துவும் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். கூட்டிவந்த செலவு கழியும்வரை நாங்கள் அவருடைய ஆட்கள் என்பது தகரக் கொட்டகைக்கு முன்னால் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் சொர்க்கமா வாழ்ந்தது? லயத்து வீடு ஒழுகும், தோட்டத்துத் துரையின் வாயோ சாக்கடை. ஆனாலும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெண்கள் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டால் மத்தியானத்துக்குள் துரையும் கிளாக்கரும் சங்கத்துத் தலைவரும் ஓடிவருவார்கள். அந்த நினைப்பில் இங்கேயும் ஒரு காலையில் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பாதையில் வரிசையாக உட்கார்ந்தோம். காண்ட்ராக்டர் கோபப்படவே இல்லை. ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "உக்காருங்க தாயி, களைப்பா இருக்கும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் அரிசி லாரி வரவில்லை. வேலைநிறுத்தம் என்றால் அதைப் பார்க்க நாலு பேர் வேண்டும் என்பது எங்கள் மண்டைக்கு எட்டவில்லை. அன்று எங்களைப் பார்த்தவை காட்டெருமைகள்தாம்.

பிறகு மெட்ராஸ் தோல் கம்பெனியிலிருந்து ஒரு கனவான் வந்தார். பட்டை வாங்குகிறவர். கட்டுக்கட்டாக அவிழ்த்து முகர்ந்தார், ஒடித்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். ஈரம் இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று அவ்வளவு அக்கறை. உரித்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்பது கடைசியில்தான் கண்ணில் பட்டது. "சௌக்கியமா இருக்கீங்களாம்மா?" என்றார். விட்டுவிடுவேனா? "ஐயா, குடும்பமா எங்கயும் போக விட மாட்டேங்குறாங்க. ஒருத்தரு நின்னே ஆகணுமாம்" என்றேன். கனவான் தலையாட்டினார். "நல்ல பழக்கம்தானே! எங்க வீட்லயும் ஒருத்தர் வீட்டைப் பார்த்துக்காம வெளிய கிளம்பமாட்டோம்." சொல்லிவிட்டுப் பளபளக்கும் பூட்ஸைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். படித்தவர்களுக்குக் காது இருக்கும் இடத்தில் என்னதான் இருக்கிறதோ!

இனி வெளியார் யாரையும் நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. காண்ட்ராக்டருக்கு வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுக்கும் பக்தி உண்டு. அந்தப் பக்தியைத்தான் பிடித்தேன். ராணிக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் என்றேன். முருகன் பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாராளமாப் போய்ட்டு வா. ஒந் தம்பி நிக்கட்டும்."

"தாய்மாமன் மடியில உக்காராம மொட்டை எடுக்கலாமாங்க?"

யோசித்தார். "அதுக்கென்ன, நானும் பழனிக்கு வர்றேன். எம் மடியில உக்காரட்டும்."

"ரொம்பச் சந்தோசம். அப்படின்னா நீங்க எனக்குக் கூடப்பொறந்த தம்பி ஆயிருவீங்க. நாளைக்கு இவ சடங்குக்குச் சீரு நீங்கதான் கொண்டாரணும். எங்க வீட்டுல கைநனைக்கணும்."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர். எங்களை அடைத்து வைப்பதில் அவருக்குத் தீட்டு இல்லை. எனக்குத் தம்பியாவதில்தான் தீட்டு. "ஏலே மாயாண்டி, இதுக கூட நீ போ. சோலிய முடிச்சு வெரசாக் கூட்டியா" என்று மேஸ்திரியைத் துணைக்கு அனுப்பினார்.

மாயாண்டி தினமும் விடிகாலையில் கொட்டகை வாசலில் எங்களை எண்ணுகிறவர். ஆண் மூன்று, பெண் ஐந்து என்று எண்ணுவாரே தவிர ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. பழனியில் மொட்டையடிக்கும் கொட்டகை வாசலில் பீடியோடு நின்றுகொண்டார். உள்ளே செல்லமுத்து மடியில் ராணி அழுதாள். அவள் முடிந்ததும் அவன் தலையைக் கொடுத்தான். அடுத்து என் வீட்டுக்காரர். கடைசியாக, முழங்காலைத் தொடும் என் சடையை அவிழ்த்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். கத்தி பட்டபோது வலிக்கவில்லை, வாசலில் பீடிப் புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டையெல்லாம் சந்தனம் பூசி, மஞ்சளில் நனைத்துக் கொண்டுவந்த துணியைக் கட்டி, உடுத்திவந்த துணியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தோம். வாசல் நிறைய மொட்டைகள், எல்லாம் சந்தனம், எல்லாம் மஞ்சள். மாயாண்டி என் வீட்டுக்காரரையே நிறுத்தினார்.

"சாமி, உள்ள நீளச் சடையோட ஒரு பொம்பள நிக்குதா?"

அவர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டித் தலையாட்டினார். பிறகு நாலு பேரும் நடந்தோம். ஓடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தோம்.

தப்பிப்பது வரைதான் எங்கள் யோசனை ஓடியிருந்தது. எங்கே போவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முதலில் கிளம்பிய பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

"எந்த ஊருக்குங்க?" என்றார் கண்டக்டர்.

"கடேசி ஊரு எதுங்க?" என்றான் தம்பி.

"ஈரோடு. அங்க யாரு இருக்காக ஒங்களுக்கு?"

"நாங்கதான்."

கண்டக்டர் சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். பஸ் திரும்பியபோது ஜன்னல் வழியே கொடைக்கானல் மலை முழுதாகத் தெரிந்தது. அதைச் சபித்துக்கொண்டே இறங்கியவள் நான். எங்கள் ஆட்கள் இன்னும் அங்கேதான் பட்டை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இடுப்புவரை மஞ்சு மூடி நின்றபோது அது அசலாக இலங்கையில் நான் பிறந்த மலை மாதிரியே இருந்தது. 'உன் நாட்டுக்குப் போ' என்று என்னை விரட்டிய மலை. இரண்டில் எதற்காக என்று தெரியாமல் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்கே என்மேல் எரிச்சல்.

"முடி போச்சேன்னா அழுகுற? வளந்துரும் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா, முடிதான்" என்றேன்.